சாய்ந்த ஆன்டெனா

அண்ணே,

வலைத் தகராறில் உன் மச்சானை, என் வீட்டுக்காரரை, நடுக்கடலில் வெட்டினாய். அவர் விழுந்த பிறகு அவருடைய படகின் ஆன்டெனாவையும் உதைத்துச் சாய்த்தாய். "படுத்துட்டா அது பேசாதுடா" என்று சிரித்தாயாம்.

பழைய கம்பி ஆன்டெனா அப்படித்தான், சாய்ந்தால் சிக்னல் போய்விடும். இது நான் வடிவமைத்தது. செப்புத் தகட்டின் எதிரெதிர் மூலைகளை வெட்டி, அலை சுழன்றுகொண்டே போகும்படி செய்தேன். எப்படிக் கிடந்தாலும் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்கு எட்டும். அதை வைத்துத்தான் ரத்தத்தில் கிடந்தவரைக் கரைசேர்த்தார்கள். இடது கை போய்விட்டது.

இந்தக் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வாஞ்சூரில் பதுங்கியிருப்பது அண்ணிக்கே நான் சொல்லித்தான் தெரியும். உன் படகிலும் அதே ஆன்டெனாவை மாட்டியது நான்தானே?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அரிவாள் தீட்டுகிறார். நாளைக்குள் நீயே போலீசுக்குப் போய்விடு. அவர் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

உன் கூடப்பிறந்தவள்