அமீனா வந்தால் கதவைத் திறங்கள்

என்னங்க,

நம் ஒன்பது வருஷக் குடித்தனத்துக்கு நான் கேட்ட விலை, என்மேல் என்ன கோபம் என்று ஒரு பதில். நாலு மாசமாகியும் பேரம் படியவில்லை. விவாகரத்து மனு போட்டுவிட்டேன்.

இன்றைக்குப் பத்து மணிக்குக் கோர்ட் அமீனா நோட்டீஸோடு வருவார். போன தடவை அவர் வந்தபோது செய்த மாதிரி உள்ளே தாழ்ப்போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தனகோட்டியை “அவரு ஷிப்ட்டுக்குப் போயிருக்காருங்க” என்று சொல்ல வைக்காதீர்கள். நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிடுவார், பிளாக்கே படிக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, வாய்தாவுக்கு வாருங்கள். வராவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

புளிக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். நான் மந்தாரக்குப்பத்தில், அண்ணன் கடையில்.

விஜயகுமாரி

பி.கு.: நாலு மாசத்தில் நீங்கள் என்னிடம் பேசியது “உப்பு”, “சாவி”, “ஷிப்ட்”. வரவு மூன்றே வார்த்தை. பாக்கியைக் கோர்ட்டிலும் கட்டலாம். இன்றைக்கே கடைக்கு வந்து என்னிடமும் கட்டலாம்.