பொன்னாடை போர்த்திய படம்

அன்புள்ள அனுசன் அண்ணாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். வேணுகா அக்கா நாளைக் காலையில் நீங்கள் இருக்கும் கத்தானியாவுக்கு வந்து உங்கள் கையில் தருவார். போனில் எதுவும் கதைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஃபின்டன் மாமா எங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறார். கால்சாப் பகுதியில் அம்மா வேலைக்குப் போகும் வீட்டுக்காரர், எனக்கு ஓடப் பழக்கிய அந்த அயர்லாந்துக்காரர்தான். சாமியறையில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இராசரத்தினம் மாமா மேடையில் அவருடைய கதையை வாசித்தார். அயர்லாந்தின் பெரிய ஓட்டவீரராம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஓடமாட்டேன் என்று பதக்கத்தையே விட்டவராம். பிறகு பிரிட்டிஷாரோடு சண்டை பிடித்த அங்கத்தைய இயக்கத்தில் சேர்ந்து சிறையிருந்தவராம். தமிழ் விளங்காத ஃபின்டன் மாமா சிரித்துக்கொண்டு கைகூப்பினார். அன்றே படமும் பேரும் பேஸ்புக்கில் ஏறிவிட்டன.

மிச்சக் கதையை அவர் இப்போதுதான் சொன்னார். இயக்கம் ஒருவரைச் சுடச் சொன்னபோது, அந்த ஆளைத் தப்பவிட்டுத் தானும் ஓடிவந்தவர். அவர்கள் இன்னும் மறக்கவில்லையாம்.

நேற்று பல்லரோச் சந்தையில் இராசரத்தினம் மாமாவின் கடையில் இரண்டு வெள்ளைக்காரர் அந்தப் படத்தைக் காட்டி விசாரித்தார்கள். கௌரவம் செய்ய வந்தவர்கள் என்று நினைத்து, "ஓம், எங்கடை ஆள்தான்! குகனேஸ்வரியைக் கேளுங்கோ, அவதான் அங்கை வேலை" என்று இராசரத்தினம் மாமா அம்மாவின் பேரையும் சொல்லிவிட்டார்.

அப்பா கத்தினார்: "இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கிடக்கு. எங்களைத் திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது?"

"வன்னியிலை உங்களை ஒளிச்சு வைச்ச சனமும் இப்பிடி யோசிச்சிருந்தா, இண்டைக்கு இருந்து கத்துவியளோ?" என்றார் அம்மா. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவிலுள்ள உணவக வேலைக்குப் போய்விட்டார்.

பொலிசுக்குப் போவோம் என்றேன். தன்னை அயர்லாந்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஃபின்டன் மாமா தலையாட்டினார். ஓடும்போது திரும்பிப் பார்க்காதே என்று எனக்குப் படிப்பித்தவர், கதவையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

அண்ணா, மாமாவை அங்கே கூட்டிக்கொண்டுபோக உங்கள் முதலாளியின் மரக்கறி வானைக் கேட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்தால் கதவைத் தட்டாதீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல் கீழே நின்று என் பேரைக் கூப்பிடுங்கள். அப்போதுதான் திறப்போம். நீங்கள் பத்திரமாக வந்துசேரப் பிள்ளையாரை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருக்கும். ஆனால் கீழே யாரும் கேசிகா என்று கூப்பிடவில்