மீன் தின்ற வாய்

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா கலியன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், கழனிதான் நலமாக இல்லை. புனேயில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வரதர் சாமியை வேண்டுகிறோம். போனில் சொல்ல வந்தால் கத்திவிடுகிறேன், அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஏரியில் மீன் வளர்க்க ஜெயக்குமார் குத்தகை எடுத்தானே, இப்போது மதகை இறக்கிப் பூட்டே போட்டுவிட்டான். குத்தகை மீனுக்குத்தானே, தண்ணீருக்கு யார் கொடுத்தது இவனுக்கு? நவரை நெல் பால் பிடிக்கிற நேரம், கரைக்கு இந்தப் பக்கம் கழனி வெடித்துக் கிடக்கிறது, அந்தப் பக்கம் தண்ணீர் தளும்புகிறது, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. கேட்கப் போனால், மதகத் தொறந்தா என் மீனு இன்னாத்துக்கு ஆவும் மாமா, பங்கு வாங்கித் துன்னப்போ மட்டும் இனிச்சுதா என்கிறான்.

அதற்குத்தான் எனக்கு வாயில்லை. குத்தகைக்காரன் முதல் வலை மீனைக் கழனிக்காரர்களுக்குப் பங்கு வைப்பதும், வாங்கியவன் அந்த வருஷம் மதகைப் பற்றிப் பேசாததும் நம் ஊர் வழக்கம். தையில் எல்லாரும் தயங்கி நின்றபோது, பத்தாவது வரை படித்த உன் அப்பன்தான், ஏரி நிறைந்திருக்கிற தைரியத்தில் முதல் ஆளாகப் பையை நீட்டினேன். பெரிய கட்லாவாகப் போடுடா என்று கேட்டு வேறு வாங்கினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். போன வாரம் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் அதே அளவு கட்லா வாங்கி, ஷேர் ஆட்டோவில் அத்தனை பேரும் மூக்கைப் பொத்த எடுத்துப் போய், இந்தா நீ கொடுத்த பங்கு, மதகைத் திற என்று அவன் முன்னால் வைத்தேன். கொழம்பா போனது திரும்பி வருமா, இத்தையும் எட்துனு போய்த் துன்னு மாமா என்று சிரிக்கிறான் அந்தப் பொடியன். அம்மாவோ, உன் நாக்குக்குக் கழனியவே கொழம்பு வெச்சுட்டேன்யா என்கிறாள். அந்த மீன் தலையைத் தின்றது அவள்தான், அதைச் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது.

நான் மனுக் கொடுத்தால் தின்றவன் மனு என்று ஊரே சிரிக்கும். ஆனால் மதகை ஒட்டிய முப்பது சென்ட் உன் பேரில் இருக்கிறது. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு உடனே ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, பயிர் பதினைந்து நாளுக்கு மேல் தாங்காது. மறந்துவிடாதே மகளே, நம் வீட்டில் அந்த மீனின் முள்ளைக்கூடத் தொடாதவள் நீ ஒருத்திதான்.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாயைக் கட்டத் தெரியாத உன் அப்பா,
கலியன்