மே மாதத்து மாற்றல் உத்தரவு

என்னங்க,

ஊருக்கெல்லாம் நீங்கள் பேராயர் ஐயா. எனக்கு மட்டும் கடைசிவரை வெறும் ‘என்னங்க’தான். அதனால் அப்படியே ஆரம்பிக்கிறேன். அங்கே உங்களுக்குப் புதிதாகப் பட்டம் ஏதாவது கொடுத்திருந்தால், அதைப் போட்டு எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் செய்தி. நம் தானியேல் பேராயர் ஆகிவிட்டான். ஆமாம், உங்கள் பிள்ளை தானியேல்தான். நீங்கள் சிரிக்கிறீர்களா, கவலைப்படுகிறீர்களா? நான் இரண்டையும் செய்து முடித்துவிட்டேன்.

உங்களுக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றார், நாற்காலி காலியானது. அப்போது நம் திருமண்டலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? திடீரென்று எல்லார் வீட்டிலும் ஜெபக்கூட்டம். குரோம்பேட்டையில் ஒன்று, பல்லாவரத்தில் ஒன்று, நம் சேலையூரில் மட்டும் வாரத்துக்கு இரண்டு. கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் ஜெபம், நிறைய பிரியாணி. "எனக்கு ஆசையே இல்லை, எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொன்னவர்கள் எல்லாம் தங்கள் படம் போட்ட காலண்டரை வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேலி செய்கிறேன் என்று முறைக்காதீர்கள். நீங்கள் தேர்தலில் நின்றபோது அந்தப் பிரியாணியைக் கிண்டியவளே நான்தான்.

பக்கத்து ஃபிளாட் லலிதா ஒருநாள் கேட்டாள். "ஆன்ட்டி, பிஷப்ப போப்தானே போடுவாரு?"

"அது போப்போட சபையிலம்மா. எங்களுதுல ஓட்டு" என்றேன். ஒவ்வொரு சபையிலிருந்தும் வருகிற பிரதிநிதிகளும் சபைகளை நடத்துகிற எல்லா ஆயர்களும் சேர்ந்து ஓட்டுப் போடுவார்கள், தேவையான ஓட்டு வாங்கிய சிலருடைய பெயர்கள் மட்டும் மேலே போகும், அங்கே பெரியவர்கள் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, ஜெபம் பண்ணி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று விளக்கினேன்.

"அப்போ ஓட்டுல ஃபர்ஸ்ட்டா வந்தாலும் கிடைக்காமப் போகலாமா?"

"போகலாம்."

"அப்போ அவ்ளோ பிரியாணியும் வேஸ்ட்டா ஆன்ட்டி?"

நீங்கள் இருந்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அஸ்தினாபுரம் சாமுவேல் சார் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தேர்தல் என்றால் இன்னும் இளைஞர். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தானியேல் ஐயாவ சம்மதிக்க வைங்க. பெரிய ஐயா பேருக்கே பாதி ஓட்டு விழும்" என்றார். பல்லாவரம் சபை ஆயராக இருக்கிற என் மகன் நிம்மதியாக இருக்கிறான், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். காபி கொடுத்துத்தான் அனுப்பினேன், பயப்படாதீர்கள்.

நான் ஏன் மறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மே மாதத்தை நான் மறக்கவில்லை.

பேராயர் என்றால் கையில் கோலும் கழுத்தில் சிலுவையும் பெரிய மாலையும் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். மே மாதம் பேராயர் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். எந்த ஆயர் எந்த சபைக்கு என்று மாற்றல் போட வேண்டிய மாதம். ஒருவர் மகள் ப்ளஸ் டூ, இன்னொருவர் மனைவிக்கு இங்கே வேலை, வேறொருவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. எல்லாரும் நம் வாசலில்தான் நின்றார்கள். எல்லாருக்கும் நல்ல ஊரே வேண்டும். அப்போது மலையடிவாரத்தில், பஸ்ஸே சரியாகப் போகாத அந்த எல்லையோர சபைக்கு யார் போவது?

நீங்கள் தானியேலைப் போட்டீர்கள். குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. மருமகள் ஷீபா குரோம்பேட்டையில் பார்த்துவந்த டீச்சர் வேலையை விட வேண்டி வந்தது. அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆனால் அந்தச் செய்தி அவனுக்கு அலுவலகத்துக் கவரில் போனது. பெற்ற அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எல்லா ஆயருக்கும் கவர்லதான் போகுது எஸ்தர், என் பிள்ளைக்கு மட்டும் தனியா சொன்னா மத்தவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றீர்கள். லெந்து நோன்புக் காலம் முடிந்து நாளாகியும், நான் பேச்சுக்கு நோன்பு வைத்து உங்களுக்குச் சோறு போட்டேன்.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு கிறிஸ்மசுக்கு வருவான், சபைக் கணக்கு, கூரை ரிப்பேர் என்று ஆயர் பேராயரிடம் பேசுவதைப் பேசுவான், சாப்பிடுவான், கிளம்புவான். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் ஜெபம்தான் பண்ணினான். அடக்க ஆராதனையில் உங்கள் ஊழியத்தைப் பற்றி அழகாகப் பேசினான், ஆனால் உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மண் போட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டான், அவ்வளவுதான்.

உங்கள் டிரைவர் தாஸும் என் கட்சிதான். "வாணாம்மா. தம்பி பிஷப்பாய்ட்டா வூட்லயே தங்க மாட்டாரு. ஒரே ஞாயித்துக்கெயம மூணு சர்ச்சில புள்ளைங்களுக்குத் திடப்படுத்தல் ஆராதன, மூணு எடத்துலயும் சாப்பாடு. சாப்புடலன்னா கோச்சிக்குவாங்கன்னு ஐயா சக்கரைய வச்சிகினு பாயாசம் குட்சாரு. கால் வீங்கி செருப்பு ஏறாம வண்டில குந்திகினு வருவாரு. நான் பாத்துகினு இருந்தவன்மா" என்றான். நீங்கள் பாயாசம் குடித்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லவேளை, தப்பித்தீர்கள்.

தானியேலிடமே கேட்டுவிட்டேன். "உங்கப்பா உனக்குப் பண்ணத நீ யாருக்குப் பண்ணப் போற?"

அவன் நிதானமாகச் சொன்னான். "யாருக்காவது பண்ணித்தான்மா ஆகணும். அந்த ஊர் ஜனங்களுக்கும் ஆயர் வேணும்ல? நான் போறதுக்கு முன்னாடி அங்க சாவுக்கு ஜெபம் பண்ணக்கூட ஆள் இல்ல. அப்பா போட்டது தப்புன்னு நான் எப்பவும் சொல்லல. ஆனா கவர்ல சொல்ல மாட்டேன்."

அதற்குமேல் நான் தடுக்கவில்லை, அவன் பெயரைப் போட்டார்கள். ஓட்டில் இரண்டாவதாக வந்தான். மேலே கூப்பிட்டுப் பேசினார்கள், அவனையே எடுத்தார்கள். சாமுவேல் சார் தானே ஜெயித்த மாதிரி பட்டாசு வெடித்தார். அபிஷேகத்தன்று மற்ற பேராயர்கள் எல்லாம் சுற்றி நின்று அவன் தலையில் கை வைத்தார்கள். அத்தனை கைகளில் உங்கள் கை இல்லையே என்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவனுடைய முதல் மே மாதம். மாற்றல் ஆகிற ஆயர்களை ஒவ்வொருவராக, மனைவியோடு, நம் ஃபிளாட்டுக்கு வரச் சொன்னான். பேராயர் பங்களாவில் என்றால் நின்றுகொண்டே பேசுவார்கள், இங்கே உட்காருவார்களாம். டீ போடுவது என் வேலை. கவர் போவதற்கு முன்னால் அவனே வாயால் சொன்னான், ஏன் என்றும் சொன்னான். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் முகத்தைத் தூக்கினார்கள்.

நேற்று சாயங்காலம் வந்தது ஒரு சின்ன ஜோடி. அவர்களுக்கு அதே எல்லையோர சபை. ஆயர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் ஜெனிபர் விடவில்லை. "உங்களுக்கென்னங்கய்யா, டீ குடுத்துச் சொல்லிட்டா முடிஞ்சிச்சு. பையனுக்கு இப்பதான் ஸ்கூல் சேத்திருக்கோம். அங்க போய் நாங்க படப்போற பேஜாரு எங்களுக்குத்தானே?" என்று அழுதாள். நானும் அங்கே இருந்தவன்தான், பள்ளிக்கு என்ன வழி, ஆஸ்பத்திரிக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியும், நானே கூட வந்து விட்டுவிட்டு வருகிறேன் என்றான் தானியேல். உத்தரவை மட்டும் மாற்றவில்லை. அவள் டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

அவர்கள் போன பிறகு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். "வேத்து ஆளுக்குச் சொல்றதுக்கே எனக்கு இப்படி இருக்கே. அப்பா எப்படிம்மா தாங்கினாரு?" என்றான்.

என்னங்க, சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீங்கள் அங்கியைக்கூடக் கழற்றாமல் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு, அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டதைச் சொன்னேன். "அவன் ‘அப்பா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அந்த ஆர்டரக் கிழிச்சிடுவேன் எஸ்தர்" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"ரிங் வந்துச்சும்மா. எனக்கு ஞாபகம் இருக்கு. ஷீபா குழந்தையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா, நான் போனத் தேடி எடுக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு. பாத்தா அப்பா நம்பர். காலையில கூப்பிட்டுக்கலாம்னு இருந்தேன். காலையில கவர் வந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் கூப்பிடவே இல்ல. தெரியாம கை பட்டு வந்த கால்னு நெனச்சிட்டேன்மா."

திருமண்டலத்துப் பேராயர் என் மடியில் தலை வைத்து அழுதார். நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். உங்களைப் போலவே அவனுக்கும் உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகள் எல்லாம் முடிந்ததும் அவனைத் தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்து வருகிறேன். அங்கி இல்லாமல், சிலுவை இல்லாமல், சட்டை வேட்டியோடு உங்கள் பிள்ளையாக வருவான். நானும் தாஸும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறோம். அவனுக்கு உங்களிடம் பேச நிறைய இருக்கிறது. இந்தத் தடவையாவது பாதியில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
இரண்டு பேராயர்களுக்குச் சோறு போட்ட எஸ்தர்