350-ஏ அல்ல, 350

ஜூன் 10, செவ்வாய்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் தமிழில் எழுதிய மனுவை வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் இன்று வாங்க மறுத்தான். இது அநியாயம். வருமானச் சான்றிதழில் அவளுக்கு இல்லாத வருமானத்தை ஏற்றிவிட்டார்கள். அதனால் விதவை ஓய்வூதியம் நின்றுவிட்டது. அதைத் திருத்தத்தான் மனு.

"மலையாளத்துல எழுதிட்டு வா, அண்ணாச்சி. இது மதுரை இல்ல" என்றான் துணைக்குப் போன என்னிடம். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் நின்றாள். நான் மேசையைத் தட்டி, "அரசியலமைப்பு, 350-ஏ!" என்றேன்.

சத்தம் கேட்டு ஆபீசர் வந்தார். சின்னப் பெண். "சேட்டா, அது பிள்ளைங்க தாய்மொழியில படிக்கிறதுக்கு உள்ளது. உங்களுக்கு வேண்டியது வெறும் 350. மனு கொடுக்க இங்க பேசுற எந்த மொழியும் போதும்" என்றார். ஏ-தான் என்று நான் சாதித்தேன். அவர் சிரித்தபடி மனுவை வாங்கி, தன் கையாலேயே ரசீது எழுதினார்.

"சான்றிதழை நான் திருத்தலாம். பென்ஷன் தர்றது நகரக் கார்ப்பரேஷன் கையில. அதுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை."

தன் அதிகாரம் எதுவரை என்று தெரிந்த அதிகாரியை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து அரசியலமைப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி.

மாரியம்மாள் வெள்ளிக்கிழமை ரேஷன் கார்டோடு போக வேண்டும். ஆபீசர் அவள் வீட்டை வந்து பார்க்க வேண்டும். ஓய்வூதியம் நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கார்ப்பரேஷன் தர வேண்டும். கிளார்க் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான், அந்தக் கிளார்க் முன்னாலேயே, தப்பு என்னுடையது என்று ஆபீசரிடம் சொல்ல வேண்டும்.