உன்மேல் விழுந்த பேட்டரிப் பழி

அக்கா,

காருக்குள் எலுமிச்சம்பழ வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை துடைக்கலாமென்று பின்கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு பழம் ஒளிந்து கிடந்தது. குங்குமம் தடவியது, ஒரு பக்கம் அழுகியிருந்தது. உன்னைப் பயமுறுத்தி விரட்டுவதற்காக வைத்த பழங்களில் அதுவும் ஒன்று. எடுத்துக் குப்பையில் வீசிவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அழுக்கு போனது, எரிச்சல் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ இருந்தால் சிரிப்பாய். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், நீ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒன்றில்தான் உன்னை மிஞ்சியிருந்தேன். அதையும் நீ சும்மா விட்டாயா? கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆன சமயத்தில், கரும்புக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நின்று, "புது ஆபீசுக்கு கலெக்டர் வோணுமாம், நீ போயி ஒக்காந்துக்கோடி" என்றாய். இன்றைக்கும் அந்தப் பெண்கள் என்னைக் கண்டால் கலெக்டரம்மா என்கிறார்கள். இருக்கட்டும். இந்தக் கலெக்டர்தான் உனக்காக வாதாட வேண்டியதாயிற்று.

பங்குனியில் நாம் மலைக்குப் போனது புதுப் புளி வாங்கத்தான். கடைப் புளி குழம்பைக் கெடுக்கிறது, வெள்ளிமலைப் புளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நீ. செல்வம் வேலையை விட்டுவிட்டு வந்து காரை ஓட்டினான். பெற்றது நான் என்றாலும் உன் இடுப்பில் வளர்ந்தவன். பெரீம்மா கேட்டால் அவனால் இல்லை என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது, மலை இறங்கி கோமுகி அணை கண்ணில் பட்ட இடத்தில், நீ என் தோளில் சாய்ந்தாய். உன் ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. வடக்கனந்தல் வந்தது, நம் தெரு வந்தது, அவன் நிறுத்தவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினான். இறங்கி ஓடிவந்து உன் பக்கத்துக் கதவை இழுத்தான். பூட்டு விடுபடவில்லை. காலை வண்டிமேல் ஊன்றிக்கொண்டு இழுத்தான். கதவு ஒருவழியாகத் திறந்தது. அதற்குள் நீ போய்விட்டாய் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

உன்னை எடுத்து முடித்த அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். துணி எடுக்க வாசலுக்குப் போன சுதா அப்படியே நின்றுவிட்டாள். காரின் நாலு கதவும் சாத்தியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை, கூரை விளக்கு மட்டும் எரிகிறது. நீ சாய்ந்திருந்த இடத்துக்கு மேலேயே மஞ்சளாக எரிகிறது. என் மருமகள் பயந்தாங்கொள்ளி இல்லை, பாம்பைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறவள். அவளே துணியை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாள். செல்வம் போய்ப் பேசாமல் விளக்கின் விசையைத் தட்டி அணைத்துவிட்டு வந்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது இந்தத் தலைவலி. ஒருநாள் சும்மா நின்றால் போதும், கார் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று நாக்கைச் சப்புக்கொட்டும், அவ்வளவுதான். தெருவே சேர்ந்து தள்ள வேண்டும். பேட்டரிக்கு வயசாயிடுச்சு என்றான் ஒருவன். புதுசு வாங்கிப் போட்டோம், அதுவும் செத்தது. டைனமோ சரியில்லை என்றான் இன்னொருவன். கழற்றிப் பார்த்து, டைனமோ நல்லாத்தான் இருக்குது என்று அவனே மாட்டிவிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற எலெக்ட்ரீசியன் ரேடியோவைப் பிடுங்கினார், ஹாரனை மாற்றினார், சரியாயிடுச்சு என்று அனுப்பினார். வீட்டு வாசலில் இரண்டு ராத்திரி நின்றது, மறுபடியும் டக் டக். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஒவ்வொரு தடவையும் சுதா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சுதாவின் அம்மா வந்தாள். வந்தவள் காபியைக் குடித்துவிட்டுப் போகக்கூடாதா? அந்த வண்டியில் உயிரை விட்டவள் அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை, ராத்திரியானால் அவள்தான் அதன் சக்தியை உறிஞ்சுகிறாள் என்று ஆரம்பித்தாள். அதிலிருந்து சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மிளகாய். கார் வாசலில் நிற்க, வீட்டு ஆட்கள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். கடைசியில் ஒரு பூசாரியையும் பேசிவிட்டார்கள். அமாவாசையன்று வந்து, உன்னை அழைத்து, ஏரிக்கரைப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுவாராம். மறுநாள் காரையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாம். கட்டிவிட்டால் அப்புறம் திதி நாளில் உன் பேரைச் சொல்லிச் சோறு வைக்கக்கூடாது, உன் படத்தையும் கூடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார்களே, அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. புளிக்காக மலை ஏறியவளைப் புளியமரத்தில் அடிப்பதா?

கத்தினேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "உசுரோட இருக்கச்சொல்ல, பில்லு ஜாஸ்தியாயிடும்னு நான் தூங்கிக்கினு இருக்கும்போதே ஃபேன நிறுத்திட்டுப் போவா. அவளா செத்தப்பறம் வந்து பேட்டரிய காலி பண்ணுவா?" சுதாவுக்குக்கூட சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "அத்த, லைட்டு எரிஞ்சத நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள். நானும்தானே பார்த்தேன்.

அவளைவிட என்னை எரித்தது செல்வம்தான். நீ போனதிலிருந்து அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கொள்ளி வைத்தவனே அவன்தான், ஆனாலும் அழவில்லை. சாப்பிடுகிறான், போகிறான், வருகிறான், பேச்சு மட்டும் கம்மி. ஆணி அடிப்பதற்கும் தலையை ஆட்டிவிட்டான். "டேய், அது உன்ன வளத்தவடா" என்றேன். "உடும்மா, எப்படியாவது இது முடியட்டும்" என்றான். அவனுக்கு எது முடிய வேண்டுமென்று எனக்குப் புரியவில்லை.

அமாவாசைக்கு முன்னால் அந்த பஸ் ஸ்டாண்டு எலெக்ட்ரீசியனுக்கு நானே போன் போட்டேன். அவர் வண்டியில் ஒட்டி அனுப்பிய ஸ்டிக்கரில் இருந்த நம்பரை நானே படித்து, நானே அழுத்தினேன். வண்டியை அங்கே கொண்டுவர முடியாது, நீங்கள்தான் வர வேண்டும், வராவிட்டால் உங்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார். பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் கரண்டு அளக்கிற மீட்டர் ஒன்றை வைத்தார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூட்டினால் கொஞ்ச நேரத்தில் கார் தூங்கிவிட வேண்டுமாம், மீட்டரில் எண் இறங்கிவிட வேண்டுமாம். இறங்கவே இல்லை. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அவருக்கு வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். "இந்த ஃபியூசுல இருக்கறது ரேடியோ, மேல் லைட்டு, கதவு லாக்கு. ரேடியோவத்தான் அன்னிக்கே புடுங்கிட்டேன். லைட்டு ஆஃப்ல இருக்குது. லாக்கு நல்லா விழுது. அப்பறம் இன்னாதான் தின்னுது?" உள் வயரையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும், செலவு வண்டி விலைக்கு வந்து நிற்கும், பேசாமல் விற்றுவிடுங்கள் என்று சாமான்களை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

அக்கா, அந்த விளக்கு தானாக எரிந்த கதையை இத்தனை மெக்கானிக்கில் ஒருவரிடமும் நாங்கள் சொல்லவில்லை. செல்வத்துக்கு வெட்கம், பேய்க் கதை பேசுகிறான் என்று சிரிப்பார்கள் என்று. எனக்கும் வெட்கம்தான், உன் பேர் கடைத்தெருவில் அடிபடக்கூடாது என்று. ஆனால் அவர் பையை மூடியபோது, இனி மறைத்து யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். சாவு நடந்த வீடு, சாத்தின கார், தானாக எரிந்த விளக்கு, என் மகன் தட்டி அணைத்தது, பூசாரி வரப்போவது, எல்லாம். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். "ஏன் ஆயா, இத மொதல்லியே சொல்ல மாட்டீங்களா?" என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். பிடுங்கிய ஃபியூசைத் திரும்பச் செருகி, வயரை மாட்டினார். கூரை விளக்கின் விசையை நடுவில் நிறுத்தி, நாலு கதவையும் சாத்தினார். விளக்கு எரிந்தது. பட்டப்பகலில், எங்கள் எல்லார் கண் முன்னாலும். சுதா ஒரு அடி பின்னால் போனாள்.

அந்த விசை நடுவில் இருந்தால், கதவைத் திறந்தால் எரியும், சாத்தினால் அணையும் என்றார் அவர். கதவில் பூட்டுக்கு உள்ளே பொடியாக ஒரு பித்தான் இருக்கிறது, அதுதான் காருக்குச் சேதி சொல்கிறது. ஒவ்வொரு கதவிலும் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது பின்கதவுக்கு வந்ததும் நின்றார். உன் கதவு. உள்ளே பித்தான் உடைந்து தொங்கியது. "கதவு சாத்தித்தான் இருக்குது ஆயா. ஆனா வண்டிக்கு அது தெரியல. இன்னும் தொறந்தே இருக்குதுன்னு முழிச்சிக்கினு கெடக்குது. லைட்ட அமத்திட்டீங்க, அதால யாருக்கும் தெரியாம உள்ளுக்குள்ளயே தின்னுது."

பூட்டின் தகட்டைத் தடவிப் பார்த்தார். கோணியிருந்தது. "இது தானா ஒடயல. பூட்டு போட்டிருக்கச்சொல்லவே யாரோ வெறியா இழுத்திருக்காங்க. யாருங்க இழுத்தது?"

செல்வம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தான்" என்றான். "பெரீம்மாவ எறக்கறதுக்கு." அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. அப்படியே காருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதான். "தொறக்கலம்மா, எவ்ளோ இழுத்தும் தொறக்கலம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். இத்தனை நாளும் அவன் அந்தக் கதவிலேயே நின்றுகொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னதை, கதவு சட்டென்று திறந்திருந்தாலும் உன்னைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொன்னதை, அவன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுதா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எலெக்ட்ரீசியன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்.

பூட்டை மாற்றியாகிவிட்டது. பூசாரிக்கு வர வேண்டாம் என்று சுதாவே போனில் சொன்னாள். உன் படத்துக்கு இன்று காலையில் பூ வைத்ததும் அவள்தான். கார் நாள்கணக்கில் நின்றாலும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் வாய்விட்டுச் சண்டை போட்டு ஜெயித்த நிறைவு எனக்கு இல்லை. அது ஏன் என்று இதை எழுத எழுதத்தான் தெரிகிறது.

நேற்றுச் சுதா கேட்டாள், பெரியத்தைக்கு மலையிலேயே ஒன்றும் தெரியவில்லையா என்று. தெரியவில்லை, திடீரென்று வந்தது என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் உனக்காகத்தான் பேசினேன். ஆனால் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். புளியை ஏற்றி முடித்ததும் நீ ஒரு கல்லில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். உதடு வெளுத்திருந்தது. இன்னா பண்ணுது என்று நான் கேட்டேன். மலையிலேயே ஆஸ்பத்திரி இருந்தது அக்கா, கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்வம் உன்னைத் தூக்கிக்கொண்டே ஓடியிருப்பான். "ஒண்ணும் இல்ல, நீ உன் வேலயப் பாருடி" என்றாய்.

ஊர் உன்மேல் போட்ட பழியைத் துடைத்துவிட்டேன். நான் உன்மேல் வைத்திருக்கிற இந்தக் கோபத்தை மட்டும் துடைக்கப் போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும், நான் வரும்போது கொண்டுவந்து உன் முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். உன்னைப் பார்ப்பதைத் தவிர இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை இருந்தது?