எச்சரிக்கை என்ற கட்டம்

1988 பெப்ரவரி 15, திங்கள்

இன்று எண்பத்திரண்டு பேர். மழை விட்டதிலிருந்து கல்முனைக்குடி முழுக்க இருமல். ஒன்பது வருடமாக இந்த டிஸ்பென்சரியில் நோயாளர் அட்டைகளை எடுத்துக் கொடுத்து, திருப்பி வைத்து வருகிறேன். அலுமாரிக்கும் மேசைக்கும் இன்று எத்தனை தரம் நடந்தேனோ, குதிகால் கடுக்கிறது.

பின்னேரம் எங்கள் டொக்டர் ஷரிபுதீனின் தம்பி முத்தலிப் காக்கா, குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை வேனிலிருந்து இறக்கினார். கொம்பியூட்டர். டிஸ்பென்சரிகளுக்கென்றே செய்த புரோகிராமும் கூட வந்திருக்கிறது. இனி அட்டை தேட வேண்டாமாம், பெயரை அடித்தால் எல்லாம் திரையில் வருமாம். டைப்பிங் படித்தவள் நான் ஒருத்திதான், ஆகவே வேலை என் தலையில். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஏன் பொய் எழுத வேண்டும்?

பெப்ரவரி 18, வியாழன்

புரோகிராமோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். அது ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. மெமரி 640 வேண்டும், எங்களுடையது 256. இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வேண்டும், எங்களுடையதில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை, மெல்லிய டிஸ்க்குகளைச் செருக இரண்டு வாய்கள் மட்டும். தூசியும் ஈரமும் இல்லாத அறை வேண்டும். கடல் இங்கிருந்து கால் மைல். ஏறி இறங்காத கரண்ட் வேண்டும். அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

முத்தலிப் காக்காவிடம் காட்டினேன். கம்பனிக்காரன் எப்போதும் கூட்டித்தான் எழுதுவான் என்றார். “ஓடுதா, இல்லையா? அதச் சொல்லுங்க.”

ஓடுகிறது. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 9, புதன்

அறுநூற்றுப் பத்து அட்டைகள் ஏற்றியாயிற்று. இன்னும் மூவாயிரத்துக்கு மேல். பெயர், வயது, ஊர், வந்த நாள், வருத்தம், மருந்து. கடைசியாக ‘எச்சரிக்கை’ என்று ஒரு கட்டம், ஒத்துக்கொள்ளாத மருந்துகளுக்கு. கொம்பியூட்டருக்காக அறைக்கு ஏசி பூட்டியிருக்கிறார்கள். தாதி மீனாம்பிகை அக்கா பகல் சோற்றை இப்போது இங்கேதான் வந்து சாப்பிடுகிறா. பாண்டிருப்பிலிருந்து வெயிலில் நடந்து வாறதுக்கு இது ஒண்டாவது வேணும் புள்ள என்கிறா.

ஏப்ரல் 2, சனி



மீன் வாடி வைத்திருக்கும் அப்துல் ஸமட் வந்தார். பழக்கத்தில் அவருடைய அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன். அட்டையில் சிவப்பு மையில் ‘சல்ஃபா கூடாது’ என்று இருக்கிறது. திரையில் எச்சரிக்கைக் கட்டம் வெறுமை. நானே அடித்தது. அடித்தது எனக்கு நல்ல ஞாபகம்.

பின்னேரம் வரை இருந்து நூறு பேருடையதைச் சரிபார்த்தேன். எச்சரிக்கை உள்ள ஒன்பது பேரில் ஏழு பேருக்குக் கட்டம் வெறுமை. புத்தகத்தை மறுபடி புரட்டினேன். மெமரியும் டிஸ்க்கும் போதாவிட்டால் கடைசிக் கட்டம் சேமிக்கப்படாமல் போகலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. மெசின் சத்தம் போடாது, ஒன்றும் சொல்லாது. மேலே உள்ளதை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை விட்டுவிடும்.

ஏப்ரல் 4, திங்கள்

டொக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். மெமரியும் ஹார்ட் டிஸ்க்கும் அனுப்பச் சொல்லிக் கொழும்புக்கு எழுதிவிட்டார். அவை வரும்வரை அட்டையையும் பார்த்தே மருந்து என்றார். மனம் ஆறிற்று. நல்ல மனிசன். இந்தக் கரையில் இருந்த டொக்டர்மார் ஒவ்வொருவராய் வெளிநாடு போக, போகாமல் நிற்பவர்.

மே 3, செவ்வாய்

நோன்புக்காக இன்று பத்து மணிக்குத்தான் திறந்தோம். நான் வரும்போது அட்டை அலுமாரி இருந்த இடத்தில் புதுக் கதிரைகள். ஏற்றி முடிந்த அட்டைகளைச் சாக்குகளில் கட்டி, சாகாமத்தில் அவர்களுடைய வயலோடு இருக்கும் நெல் களஞ்சியத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டாராம் முத்தலிப் காக்கா. அட்டை கிடக்கும்வரை ஒருவரும் மெசினைப் பழக மாட்டார்கள் என்று சொன்னாராம்.

எச்சரிக்கைக் கட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சாமான் இந்தக் கிழமை வந்துவிடும், பிறகு சாக்குகளைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப அடிக்கலாம் என்றார். டொக்டரைப் பார்த்தேன். தம்பி செய்துவிட்டான், ஒரு கிழமைதானே என்றார். வாசலில் முப்பது பேர். ஒருதரம் சொன்னேன். இரண்டாந்தரம் சொல்ல வாய் வரவில்லை.

மே 5, வியாழன்

எச்சரிக்கை உள்ளவர்களை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். மொத்தம் இருநூறுக்குக் குறையாமல் இருக்கும்.

ஜூன் 8, புதன்

சாமான் கொழும்பில் கிடக்கிறது, லொறி வரவில்லை. சாகாமப் பாதையும் மூடியாயிற்று. அந்தப் பக்கம் வெடிச்சத்தம், வயலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். டொக்டர் இப்போது ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்கிறார். பாதிப் பேருக்கு மருந்தின் பெயர் தெரியாது. ஊசி என்றால், பரிசோதனைக்குத் தோலில் ஒரு சொட்டு மருந்து ஏற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிறார். வரிசை றோட்டுவரை போகிறது.

ஜூன் 21, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதாமல் இருக்க ஏலாது.

பகல் ஒரு மணிக்கு ஊரடங்கு என்று காலையில் ஸ்பீக்கரில் சொல்லிப் போனார்கள். எல்லாரும் ஒரேயடியாய் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணியளவில் பாண்டிருப்புக் கதிர்காமன் தன் மனைவி சின்னத்தங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடற்தொழில் செய்கிறவர். கரையில் தூண்டில் முள் குத்திய கால் தொடைவரை வீங்கி, காய்ச்சலில் அவவுக்குப் பேச்சுக் குழறியது. முப்பத்துநாலு வயது.

ஒத்துக்கொள்ளாத ஊசி ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்டார். அவ ஏதோ சொன்னா, விளங்கவில்லை. கதிர்காமன்தான் சொன்னார்:

“எனக்குத் தெரியா ஐயா. எல்லாம் உங்கட கார்டுல எழுதி இரிக்கும்.”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். பெயரை அடித்தேன். வந்தது. பெயர், ஊர், நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு திகதி. கட்டம் வெறுமை.

“ஒண்டும் இல்ல டொக்டர்” என்றேன்.

ஒண்டும் இல்ல எண்டு ஏன் சொன்னன்? அந்தக் கட்டத்த நம்ப ஏலா எண்டு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் சொல்லாட்டியும் அவருக்கு ஞாபகம் வரும் எண்டு நினைச்சனா? ஒண்டுமே நினைக்கல்ல. வாசல்ல சனம் நெருக்குது, மணிக்கூட்டப் பாக்காங்க, கேட்டார், சொன்னன்.

அவர் பரிசோதனைக்கு வைக்கவில்லை. வைத்தால் ஒரு மணிக்கு முன் அவர்கள் வீடு சேர முடியாது. பெனிசிலின் போடச் சொன்னார், மீனாம்பிகை அக்கா போட்டா. இரண்டு நிமிடம் இருக்காது. முகம் தடித்து, மூச்சு இழுத்து— டொக்டர் அடுத்தடுத்து மாற்று ஊசி போட்டார். நெஞ்சை அழுத்தி அழுத்தி வேர்த்து ஊற்றினார். விடவே இல்லை. மீனாம்பிகை அக்கா தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டார்.

ஜூன் 22, புதன்

மரண விசாரணை செய்கிறவர் வந்தார். காலில் ஏறிய விஷம் என்று முத்தலிப் காக்கா சொன்னார். சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். டொக்டர் தரையைப் பார்த்தபடி நின்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்?

ஜூன் 29, புதன்

எட்டாம் நாள் செலவுச் சடங்கை முடித்துவிட்டுக் கதிர்காமன் வந்தார். டொக்டரின் கையைப் பிடித்து, உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க ஐயா என்றார். நான் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றேன்.

ஜூலை 16, சனி

கொழும்புச் சாமான் வந்து பூட்டியாயிற்று. மெமரி 640. இப்போது எச்சரிக்கைக் கட்டமும் சேமிக்கப்படுகிறது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

ஓகஸ்ட் 10, புதன்

பாதை திறந்து சாக்குகள் வந்தன. எலி கொஞ்சம் கடித்திருக்கிறது. நானாகத் தேடவில்லை, நாலாவது சாக்கில் தானாக வந்தது. சின்னத்தங்கம், பாண்டிருப்பு. ‘பெனிசிலின் கூடாது’. என் கையெழுத்து. 1984.

யாரும் பார்க்கவில்லை. அதைக் கிழித்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. மனம் அங்கேயும் போய்த்தான் வந்தது. டொக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஓகஸ்ட் 19, வெள்ளி

ஜும்ஆ முடிந்து டொக்டர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பாண்டிருப்புக்குப் போகிறேன், நீங்களும் வாறீங்களா என்று கேட்டார். உம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினா. போனேன்.

கதிர்காமன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளும் உள்ளே சோறு தின்றன. டொக்டர் அட்டையைக் கொடுத்து, அதில் இருப்பதை வாசித்துக் காட்டி, விஷம் ஏறி இல்லை, என் ஊசிதான் என்றார். நின்றபடியே சொன்னார். நானும் சொன்னேன்: “டொக்டர் என்னட்டத்தான் கேட்டவர். நான்தான் ஒண்டும் இல்ல எண்டு சொன்னன்.”

கதிர்காமன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்றுதான் கேட்டார்.

“அண்டைக்கு இது எங்க இருந்தது?”

“சாகாமத்துல” என்றார் டொக்டர்.

“நீங்க போங்க ஐயா.”



ஓகஸ்ட் 30, செவ்வாய்

நடந்ததை டொக்டர் எழுதிக் கையொப்பம் வைத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். முத்தலிப் காக்கா என்னோடு பேசுவதில்லை. பாண்டிருப்பிலிருந்து வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மீனாம்பிகை அக்காவை அவவின் ஒழுங்கையில் சிலர் மறித்து, அந்த ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.  ஏசி அறைக்கு அவ இப்போது சாப்பிட வருவதில்லை.

ஒக்டோபர் 4, செவ்வாய்

காலையில் கதிர்காமன் வந்தார். மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு. ஒன்பது வயது, பெயர் சாரதாதேவி, ஒரு கிழமையாக இருமலும் காய்ச்சலும். வேறு டிஸ்பென்சரி கிட்ட இல்லை. இருந்திருந்தால் வந்திருக்கவா போகிறார்?

டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கவில்லை, நேரே என் மேசைக்கு வந்தார். பிள்ளை புதிது, பதிவு இல்லை. பெயரையும் வயதையும் அடித்தேன். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்று கேட்க வேண்டிய இடம் வந்தது.  விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“இல்ல எண்டு எழுதாதீங்க தங்கச்சி” என்றார். “சும்மாவும் விடாதீங்க. தெரியா எண்டு எழுதுங்க.”

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். அதன் பிறகுதான் பிள்ளையின் கையை விட்டார். அவள் வாங்கில் போய் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. அவளுடைய முறை வரும்வரை என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.